கால் ஊன்றாமல் முன்னேறுவது எப்படி?

சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அப்படி வளர்ந்த ஒருவர் மோட்டார்சைக்கிள் டிரையல்ஸ் பழக ஆசைப்பட்டால் முதலில் மறக்க வேண்டியது அதைத்தான். இந்த விளையாட்டில் சொந்தக் காலில் நின்றால் அபராதம். ஒரு தடவை கால் ஊன்றினால் ஒரு புள்ளி. இரண்டு தடவைக்கு இரண்டு. அதற்கு மேல் எத்தனை ஊன்றினாலும் மூன்று. விழுந்தாலோ எல்லை தாண்டினாலோ ஐந்து. கடைசியில் யாருடைய புள்ளி குறைவோ அவர்தான் ஜெயித்தவர். பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய மதிப்பெண்களை நினைத்துப் பார்த்தேன். எனக்கென்றே உண்டாக்கிய விளையாட்டு என்று பட்டது. சேர்ந்துவிட்டேன்.

வேகம் என்ற பேச்சே கிடையாது. நான் குடியிருக்கும் யார்க்‌ஷயர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு பண்ணையின் கேட்டைத் திறந்துவிடுவார்கள். உள்ளே ஓடை, பாசி பிடித்த பாறை, மர வேர், கணுக்கால் அளவு சேறு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கும் ஆடுகள். பாறைக்கும் ஓடைக்கும் நடுவே சில பத்தடி நீளத்துக்கு வழி குறித்திருப்பார்கள். வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் நீலம். அதற்கு செக்‌ஷன் என்று பெயர். நடக்கிற வேகத்தில், ஃபுட்ரெஸ்ட்டின் மேல் நின்றபடியே அதைக் கடக்க வேண்டும். பத்து செக்‌ஷன், நாலு சுற்று என்பது உள்ளூர்க் கிளப்புகளில் சாதாரணமாகப் பார்க்கிற கணக்கு. நாற்பதிலும் விழுந்து எழுந்தால் 200. என் முதல் நாள் கணக்கு 163. மீதி 37 புள்ளியை எப்படிக் காப்பாற்றினேன் என்பது எனக்கே இன்னும் விளங்கவில்லை.

ஊருக்குப் போன் பண்ணி அம்மாவிடம் சொன்னேன். “ஏண்டா, வாராவாரம் டிரையல்தான் பாக்கறியா? நிஜப் போட்டி எப்போ?” என்றாள். துணிக்கடையில் டிரையல் பார்ப்பதை மட்டுமே அறிந்த குடும்பம் எங்களுடையது.

சரி, வழிகாட்டிக்கு வருவோம். முறைப்படி முதலில் பயிற்சி, அப்புறம் வண்டி. இந்த முறையை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். பயிற்சிக்குப் போனால் அங்கேயே ஒரு வண்டியை வாடகைக்குக் கொடுத்து, இது உனக்குச் சரிப்பட்டு வருமா என்று பார்க்கச் சொல்லிவிடுவார்கள். சரிப்பட்டு வராது என்று தெரிந்துபோனால் பிறகு எந்த முகத்தோடு வண்டி வாங்குவது? ஆகவே முதலில் வாங்கிவிடுங்கள். மான்டெசா, காஸ் காஸ், பீட்டா, ஷெர்கோ என்று பெயர்கள் கிடைக்கும். எதை எடுத்தாலும் ஏறத்தாழ எழுபது கிலோதான் எடை. சீட் இருக்காது. நன்றாகக் கவனியுங்கள், சீட் சின்னதாக இருக்கும் என்று சொல்லவில்லை, இருக்கவே இருக்காது. உட்கார்ந்து ஓட்டுகிற சமாசாரம் இல்லை என்பதால் கழற்றி எறிந்துவிட்டார்கள், ஆனால் அதற்காக விலையில் ஒரு காசு குறைக்கவில்லை. பெட்ரோல் டேங்க் இரண்டு, மூன்று லிட்டருக்கு மேல் கொள்ளாது. புதியவருக்கு 125 சிசி போதும், கொஞ்சம் கனத்த ஆள் என்றால் சாதுவான 250 பாருங்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நீங்கள் 300 வாங்குங்கள். ஏனென்றால் டோனி போவ் 300 ஓட்டிப் பட்டம் வாங்கினார்.

டோனி போவ் யார் என்று தெரியாவிட்டால் அன்றிரவே தெரிந்துகொள்வீர்கள். பார்சிலோனா பக்கத்து மனிதர், 1986-இல் பிறந்தவர். 2007-லிருந்து 2024 வரை ஒரு வருடம்கூட விடாமல் திறந்தவெளி உலகப் பட்டத்தையும் உள்ளரங்க உலகப் பட்டத்தையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுபோனவர். ஆளுயரப் பாறைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தில் இரண்டு குதி குதித்து, மூன்றாவதில் பாறையின் உச்சியில் இருப்பார். இவருடைய வீடியோவை இரவு ஒரு மணி வரைக்கும் பாருங்கள். நீச்சல் பழகப் போகிறவன் சுறாவைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள்வதற்கு ஒப்பானது இது. ஆனால் மறுநாள் காலை வேனில் வண்டியை ஏற்றும்போது இருக்கும் தெம்பே தனி.

இனி ஆலோசனை. இந்த விளையாட்டில் தட்டுப்பாடே இல்லாத பொருள் அதுதான். வேன்களின் பின்கதவு திறந்திருக்கும். அதன் விளிம்பில் ஒருவர் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பார். வயது அறுபதுக்கு மேல், முழங்காலில் ஒன்று சொந்தம் இல்லை. அவரிடம் போய் “நான் புதுசு” என்று மட்டும் சொன்னால் போதும். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். ஒருவரோடு நிறுத்திக்கொள்வது தொடக்கநிலைக்காரர்கள் செய்யும் தவறு. அடுத்த வேனுக்கும் போங்கள், அதற்கடுத்ததற்கும் போங்கள்.

என் டயர்க் கதையைச் சொல்கிறேன். நம் ஊர் பெட்ரோல் பங்கில் காற்றுக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு பையன் கேட்பான், நாம் “முன்னாடி 25, பின்னாடி 30” என்போம். விவகாரம் முடிந்தது. இங்கே பின் டயரில் 4 என்றார் முதல் வேன்காரர். காது சரியாகக் கேட்கவில்லையோ என்று “நாற்பதா?” என்றேன். நாலேதான். பாறை மேல் டயர் பூனைப் பாதம் மாதிரி அமுங்கிப் பிடிக்க வேண்டுமாம். அந்த அளவு காற்றைக் காட்டும் கருவிகூட என்னிடம் இல்லை. சாதாரணக் கருவியில் அந்த எண்ணுக்கு முள் எழுந்திருக்கவே மறுக்கிறது. இரவல் வாங்கி நாலுக்கு இறக்கினேன். இரண்டாவது வேனில் “நாலா? இன்றைக்குப் பாறை கூராக இருக்கிறதே, ஐந்து வை” என்றார். பம்ப் அடித்தேன். மூன்றாமவர் கருவி எதையும் நம்பாதவர். குனிந்து கட்டைவிரலால் டயரை அழுத்தி, கண்ணை மூடி, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி ஒரு நிமிஷம் இருந்துவிட்டு, “கொஞ்சம் விடு” என்றார். விட்டேன். “இன்னும் கொஞ்சம்.” விட்டேன். “போதும்.” கருவி வைத்துப் பார்த்தேன். நாலு.

அன்று போட்டி தொடங்குவதற்குள் எனக்குத் தோள்பட்டை வலி வந்துவிட்டது. பம்ப் அடித்த வகையில்தான். வண்டியை இன்னும் ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை.

கிளட்ச் விஷயத்தில் உங்கள் மனம் இன்னும் அதிகமாகப் புண்படும். “ஆஃப் கிளட்ச்சுல ஓட்டாதீங்க சார், பிளேட் போயிடும்” என்று மெக்கானிக் சொல்லிச் சொல்லி, தமிழ்நாட்டில் வண்டி ஓட்டிய ஒவ்வொருவரின் இடது கைக்கும் ஒரு மனச்சாட்சி உண்டு. டிரையல்ஸ் முழுக்க முழுக்க ஆஃப் கிளட்ச். ஒற்றை விரலை லீவரில் வைத்து, ஆக்ஸிலேட்டரை ஒரே நிதானத்தில் பிடித்துக்கொண்டு, வண்டி அரை அடி போக வேண்டுமா, ஒரு அடியா என்பதைக் கிளட்ச்சிலேயே தீர்மானிக்க வேண்டும். எண்ணெயில் ஊறிய கிளட்ச் அதையெல்லாம் தாங்கும் என்று மூளைக்குத் தெரியும். விரலுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு முறை அரைவாசியில் பிடித்தபோதும், எங்கோ ஆற்காடு ரோட்டில் ஒரு மெக்கானிக் நிமிர்ந்து பார்த்து உச்சுக்கொட்டுவதாகவே எனக்குப் பட்டது.

மணிக்கட்டில் ஒரு கயிறு மாட்டச் சொல்வார்கள். நீங்கள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் அணைந்துவிடும். மறக்காதீர்கள் என்று எல்லா ஆலோசகர்களும் ஒத்த குரலில் சொன்ன ஒரே விஷயம் இதுதான். ஆகவே இதைத்தான் நான் மறந்தேன். மூன்றாவது செக்‌ஷனில் நான் பாறையின் இந்தப் பக்கம் விழுந்தேன். வண்டி தொடர்ந்து போய், வேரைத் தாண்டி, மேட்டில் ஏறி, கடைசி அடையாளத்துக்கு இரண்டு கெஜம் முன்னால்தான் சாய்ந்தது. அன்று அந்த செக்‌ஷனில் அவ்வளவு தூரம் போன புதியவர் யாரும் இல்லை.

எதை வேண்டுமானாலும் கேளுங்கள், ஒரு கேள்வியை மட்டும் கேட்காதீர்கள்: “செக்‌ஷனுக்குள் வண்டியை நிறுத்தலாமா?” நடுவில் நிறுத்தி, நின்று, நிதானித்துப் போகலாம் என்பது ஒரு கட்சி. சக்கரம் நின்றால் ஐந்து, தொடர்ந்து உருண்டுகொண்டே இருப்பதுதான் டிரையல்ஸ் என்பது இன்னொரு கட்சி. 2013-இல் உலகப் போட்டியிலேயே நிற்கக்கூடாது என்று விதியை மாற்றினார்கள். அதற்கு முன்பும் சண்டை இருந்தது, பின்பும் இருந்தது. கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று காஞ்சிபுரத்தில் வழக்காடியவர்களை இங்கே கொண்டுவந்து விட்டால் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொள்வார்கள். நான் தெரியாமல் கேட்டுவிட்டேன். பிளாஸ்க் டீ ஆறிப்போய், இரண்டு நண்பர்கள் தனித்தனி வேனுக்குப் போய்விட்டார்கள்.

பழைய கதைகளை வேண்டிய மட்டும் கேட்கலாம். அதில் செலவில்லை. ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியத்தை மையமாக வைத்து மே மாதத்தில் ஆறு நாள் போட்டி ஒன்று நடக்கும். 1909-இல் தொடங்கியது. ஒரு நாளைக்கு முப்பது செக்‌ஷன், நடுவே மலையும் சதுப்பும். அதில் ஐந்து தடவை ஜெயித்தவர் சாமி மில்லர். பெயரே சாமி என்பதால் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இவர்கள் அவரைப் பற்றிப் பேசும் தோரணையும் அப்படித்தான் இருக்கிறது. நாலு ஸ்ட்ரோக் ஏரியல் வண்டியை வருடக்கணக்கில் செதுக்கிச் செதுக்கி இளைக்க வைத்து ஜெயித்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு ஸ்பெயின் நாட்டு புல்டாகோவுக்கு மாறி 1965-இல் ஆறு நாள் போட்டியை ஜெயித்தார். பிரிட்டிஷ் வண்டிகளின் காலம் அதோடு மலையேறியது என்று சொல்லும்போது வேன் விளிம்பில் உட்கார்ந்திருப்பவருக்குக் குரல் தாழ்கிறது. ஏதோ போன வாரம் நடந்த துரோகம் மாதிரி.

யார்க்‌ஷயர்க்காரர்களுக்கு அந்த வருத்தத்தை ஆற்ற லாம்ப்கின் குடும்பம் இருக்கிறது. சில்ஸ்டன் என்ற சிற்றூர்க்காரர்கள். ஆர்தர், ஆலன், மார்ட்டின் என்று மூன்று சகோதரர்கள். மூவரும் ஸ்காட்லாந்தில் ஜெயித்தவர்கள். 1975-இல் உலகப் பட்டப் போட்டி தொடங்கியபோது முதல் பட்டம் மார்ட்டினுக்கு. அவர் மகன் டக்கி, 1997-லிருந்து ஏழு வருடம் தொடர்ந்து உலகப் பட்டம் வாங்கினார். ஸ்காட்லாந்தில் பன்னிரண்டு தடவை. அதுவும் போதாமல் 2016-இல் மான் தீவின் பந்தயச் சாலையில் அறுபது கிலோமீட்டரை ஒற்றைப் பின்சக்கரத்தில் சுற்றி வந்தார். இந்தத் தகவலால் உங்கள் ஓட்டுதல் கொஞ்சமும் தேறாது. ஆனால் “எப்படிப் போயிற்று?” என்று யாராவது கேட்கும்போது பேச்சை மாற்ற உதவும்.

இவ்வளவு ஆலோசனையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஏழாவது செக்‌ஷனில் பார்த்தேன். ஓடைக்குள் இறங்கி, இடப்பக்கம் திரும்பி, ஒரு வழுக்குப் பாறையின் மேல் ஏற வேண்டும். முதல் கியர் என்றார் ஒருவர். இரண்டாவது கியர், அப்போதுதான் சக்கரம் வழுக்காது என்றார் இன்னொருவர். கியரை விடு, கண்ணைப் பாறைக்கு அப்பால் வை என்றார் மூன்றாமவர். மூன்று பேரையும் வருத்தப்படுத்த மனமில்லை. கண்ணை அப்பால் வைத்தபடி முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றினேன். ஓடை நான் நினைத்ததைவிட ஆழமாக இருந்தது. பூட்ஸுக்குள் புகுந்த தண்ணீர் பண்ணை முழுக்க என்னோடு நடந்து வந்தது. மூன்று ஆலோசகர்களும் கரையிலிருந்து கை கொடுத்தார்கள். “நான் சொன்னதைக் கேட்டிருந்தால்...” என்று மூவரும் தொடங்கினார்கள்.

வேறு வழி இல்லாமல்தான் பயிற்சிக்குப் போனேன். இதை வழிகாட்டியின் தோல்வி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொடுத்தவர் எழுபதைத் தொட்ட பெரியவர். அதிகம் பேசமாட்டார். இத்தனை வேன்களுக்குப் பிறகு அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. பாறைக்கு, ஓடைக்கு அழைத்துப் போவார் என்று பார்த்தால், புல் வெட்டிய ஒரு சமதளத்துக்குக் கூட்டிப்போய் இரண்டு பழைய டயர்களைத் தள்ளித் தள்ளிப் போட்டார். “தம்பி, எட்டு போடு” என்றார். ‘லாட்’ என்றுதான் சொன்னார். யார்க்‌ஷயரில் அதற்குத் தம்பி என்றே பொருள். எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிய நாட்டிலிருந்து வந்தவனிடம் எட்டா? சிரித்துக்கொண்டே கிளம்பினேன். ஹேண்டிலை முழுக்க ஒடித்து, வண்டியை உள்பக்கம் சாய்த்து, உடம்பை வெளிப்பக்கம் தள்ளி, பின்பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே, நடையைவிட மெதுவாக, கால் ஊன்றாமல். ஆர்.டி.ஓ. ஆபீஸ் எட்டும் இந்த எட்டும் பெயரில் மட்டும்தான் ஒன்று. முதல் வளைவிலேயே கால் தானாக இறங்கியது. நான் ஊன்றவில்லை, அது ஊன்றியது. சின்ன வயதில் சைக்கிள் பழகும்போது பின்னால் ஓடிவந்த அப்பா “காலை ஊன்றுடா, காலை ஊன்று” என்று கத்தியது முப்பது வருடம் கழித்தும் அந்தக் காலுக்கு மறக்கவில்லை.

மதியம் வரைக்கும் எட்டு. மதியத்துக்குப் பிறகு அதையும் குறைத்துவிட்டார். இன்ஜினை அணைக்கச் சொன்னார். முன்பிரேக்கைப் பிடித்து, சக்கரத்தை ஒருபக்கம் முழுக்கத் திருப்பி, ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நில். அவ்வளவுதான். நகரக் கூடாது. நான் எண்ணி மூன்று விநாடி நின்றேன். அவர் ஏறினார். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, முழங்கையை விரித்து, எங்கோ தூரத்தில் இருந்த கல் சுவரைப் பார்த்தபடி நின்றார். வண்டி அசைந்தது, அவர் அசையவில்லை. சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பைக் கொண்டுபோவார் என்று எதிர்பார்த்தேன். உடம்பு இருந்த இடத்தில் இருக்க, இடுப்புக்குக் கீழே வண்டி மட்டும் முளையில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. நின்றபடியே சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, தாளைப் பிரித்து, வாயில் போட்டு, தாளைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். கையைப் பிரேக்குக்கும் மிட்டாய்க்கும் எப்படிப் பங்கு போட்டார் என்று நான் பார்க்கத் தவறிவிட்டேன். “பாறையெல்லாம் இதற்குப் பிறகு” என்றார். “பிறகென்றால் எப்போது?” என்றேன். பதில் சொல்லவில்லை. மிட்டாய் இருந்தது வாயில்.

அவர் தந்த இன்னொரு யோசனை, அடுத்த ஞாயிறு ஓட்டாமல் அப்சர்வராகப் போய் உட்கார் என்பது. ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் புள்ளி போட ஓர் ஆள் வேண்டும். சம்பளம் கிடையாது, மழை உண்டு. மடக்கு நாற்காலி, ஓட்டுகிறவர்களின் அட்டையில் துளை போடும் கருவி, கூடவே ஒரு சாண்ட்விச். ஒரே பாறையின் மேல் அறுபது பேர் நாலு சுற்று ஏறுவதைப் பார்க்கக் கிடைக்கும் இடம் அது. சுத்தமாகக் கடந்தவர்கள் எவரும் முன்சக்கரத்தைப் பார்க்கவில்லை என்பதையும், கால் ஊன்றியவர்கள் எல்லாரும் ஊன்றுவதற்கு முன்பே அந்த இடத்தைக் கண்ணால் தேடிவிட்டார்கள் என்பதையும் இரண்டாம் சுற்றில் கண்டுகொண்டேன். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, சின்ன எலெக்ட்ரிக் வண்டியில், தனக்குக் குறித்த எளிய வழியில் பூனைபோலச் சத்தமில்லாமல் போய் நாலு சுற்றிலும் பூஜ்யம் வாங்கினாள். அவளுக்குப் பின்னால் வந்த ஆஜானுபாகுவான ஒருவர், “ஊன்றவில்லை, பூட்ஸ் பாறையில் உரசியது” என்று என்னிடம் வாதாடினார். அப்சர்வர் சொல்வதே தீர்ப்பு. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு அதிகாரம் வந்திருந்தது. ஒன்று போட்டேன்.

இந்த இரண்டையும் சொல்லியிருக்கவே கூடாது. நிற்கப் பழகுவதற்கும் நாற்காலியில் உட்காருவதற்கும் 300 சிசி தேவையில்லை என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும்.

இப்போது நான் தினமும் சாயங்காலம் வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறேன். இன்ஜின் அணைந்திருக்கும், முன்பிரேக் பிடித்திருக்கும், சக்கரம் ஒருபக்கம் ஒடிந்திருக்கும். கண் வேலிக்கு அப்பால் உள்ள புகைபோக்கியின் மேல். முதல் வாரம் ஐந்து விநாடி. மூன்றாவது வாரம் இருபது. நேற்று நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பாட்டியின் தலை தெரிந்தது. கொஞ்ச நாளாகவே கவனித்துவந்திருக்கிறார் போலும். இந்த ஊர்ப் பாட்டிகள் யாரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நம் பக்கத்துக் கண்ணு.

“என்ன கண்ணு, வண்டி இன்னும் கிளம்பலையா?”

கால் ஊன்றினேன். கிளம்பாமல் இல்லை, நிற்கப் பழகுகிறேன் என்று விளக்கினேன். டிரையல்ஸ், சமநிலை, கன்றுக்குட்டி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேலியில் முழங்கையை வைத்துக்கொண்டு, சற்று யோசித்தார்.

“பெட்ரோல் இருக்கான்னு பார்த்தியா?”

வயதுக்கு மரியாதை கொடுத்து மூடியைத் திறந்து பார்த்தேன். காலி.